குன்னூர் பெட்ஃபோர்டு அண்டை வீட்டார் குழு

ஆசிரியர் ஐயா: தம்பி, 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் திடீரென்று திறக்காமல் போனதே, ஒரு பத்திரிகையை அவ்வாறு முடக்க எந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது?

நிருபர் தம்பி: வணக்கம் ஐயா. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுதான். பிரதமரைக் கைவிலங்குடன் வரைந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக முழுத் தளமும் முடங்கியது. முடங்கிய அன்று இரவு வரை அறிவிப்பு எதுவும் வரவில்லை என்றே நிறுவனம் சொன்னது. அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது.

மேல்வீட்டு அக்கா: அது அநியாயம்தான். ஆனாலும் கட்டுப்பாடே வேண்டாம் என்று எப்படிச் சொல்வது தம்பி? பர்லியார் அருகே சாலை சரிந்துவிட்டதாக யாரோ அனுப்பிய பழைய படத்தை நம்பி, என் மகள் மேட்டுப்பாளையத்திலேயே இரவு தங்கிவிட்டாள்.

நிருபர் தம்பி: அந்தப் படம் எனக்கும் வந்தது அக்கா. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரையும் பர்லியாரில் பழக்கடை வைத்திருப்பவரையும் அழைத்துக் கேட்ட பிறகே அது பொய் என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். என்னைப் போன்ற பகுதிநேர நிருபருக்கு வெளிவந்த செய்திக்கு மட்டுமே காசு என்பதால், இப்படி விசாரித்துக் கைவிடுகிற செய்திகளுக்கு ஒன்றும் கிடையாது. அது இருக்கட்டும். மத்திய அரசைப் பற்றிய தகவல்களில் எது பொய் என்பதை அரசின் பிரிவே முடிவு செய்யும் என்று 2023இல் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தினார்கள். குற்றம் சாட்டப்படுபவரே தீர்ப்பும் எழுதுவதா? 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

ஆசிரியர் ஐயா: நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 28 அன்று, இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டே அச்சிட்டது. தணிக்கை நடக்கிறது என்பது பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்தது. இப்போது பக்கம் திறக்கவில்லை என்றால், மழைக்கு டவர் போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

நிருபர் தம்பி: எனக்கும் அதுதான் உறுத்துகிறது ஐயா. இணையச் சேவையை நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று காஷ்மீர் டைம்ஸ் நாளிதழின் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் கூறியது. ஆனால் தளங்களை முடக்கும் கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது அதே 69ஏ பிரிவின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டு விதிகளின் 16ஆவது விதி.

ஆசிரியர் ஐயா: அந்த விதியை நீக்கக் கோரி நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள், கையெழுத்துகளை நான் வாங்குகிறேன்.

நிருபர் தம்பி: செய்தி எழுதுகிறவன் மனுவும் எழுதுவது முறையாகாது ஐயா. நீங்களே எழுதுங்கள், கொடுக்கிற அன்று செய்தி சேகரிக்க நான் வருகிறேன்.