7 நாளில் போடுறோம்னு ஜர்னல் மெயில், பணம் கட்டலாமா?

கண்டாங்கி (காரைக்குடி):
பார்ட் டைமா பிஎச்.டி. பண்றேன். இங்க ஒரு பலகாரக் கடையோட 4,212 பில்லை எடுத்து, எதோட எது சேர்ந்து விக்குதுன்னு எஃப்பி-குரோத்ங்கிற அல்காரிதம் வச்சுப் பார்த்திருக்கேன். எல்லாம் கடை ஆச்சி கைப்பட எழுதுனது. வெறும் 'தே'ன்னு போட்டிருந்தா தேன்குழலா, தேங்காய்ப்பால் முறுக்கான்னு அவங்ககிட்டயே கேட்டுக் கேட்டு டைப் அடிச்சேன், ரெண்டு மாசம் அதுக்கே போச்சு. கிடைச்ச முக்கிய விதி: சீப்புச் சீடை வாங்குனவங்கள்ல 78 சதவீதம் பேர் கைமுறுக்கும் வாங்கியிருக்காங்க.

நேத்து ஒரு மெயில். 'டேட்டா மைனிங் அண்ட் நாலெட்ஜ் டிஸ்கவரி'ங்கிற அசல் ஜர்னலோட பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தையை ஒட்டி வச்சிருக்காங்க. 9,500 ரூபாய் கட்டுனா 7 நாள்ல என் கட்டுரை வந்துருமாம். ஆடிக்குள்ள தீசிஸ் குடுக்கணும். கட்டிரவா?

ரஸ்தாக்காரன்:
கட்டாதீங்க தங்கச்சி. அசல் ஜர்னல் ஸ்பிரிங்கர் பதிப்பகத்தோடது, 1997ல ஆரம்பிச்சது. சந்தா வழியில வெளியிட்டா எழுதுறவங்க காசு கட்ட வேண்டாம்; யார் வேணா இலவசமாப் படிக்கணும்னு நீங்க கேட்டாத்தான் கட்டணம். உங்க எஃப்பி-குரோத்தே 2000ல சிக்மாட்ங்கிற டேட்டாபேஸ் மாநாட்டுல வந்து, விரிவான கட்டுரை அந்த ஜர்னல்ல 2004லதான் வந்துச்சு. இவங்களுக்கு 7 நாளாம்!

மொட்டைமாடி:
என் ஃப்ரெண்டு இப்படித்தான் ஒண்ணுல கட்டுனான். இப்ப அந்த சைட்டே திறக்க மாட்டேங்குது.

பேரேடு:
காசை விடுங்க, விதியையே ஒரு தடவை பாருங்க. மொத்த பில்லுல கைமுறுக்கு எத்தனை சதவீதம்? அதுவே 78-க்கு மேல இருந்தா, லிஃப்ட் (உங்க 78-ஐ அந்த சதவீதத்தால வகுத்தா வர்றது) 1-க்குக் கீழ போயிரும். சீடை வாங்குறவங்க மத்தவங்களை விடக் கொஞ்சம் குறைச்சலாத்தான் முறுக்கு வாங்குறாங்கன்னு அர்த்தம். ஒழுங்கான ரிவ்யூவர் முதல் பக்கத்துலயே பிடிச்சிருவார். உங்க மெயில்காரங்க அப்படியே அச்சுல ஏத்திருவாங்க, வைவால நீங்கதான் நிக்கணும்.

கண்டாங்கி:
பார்த்தேன் அண்ணே. 81 சதவீதம். லிஃப்ட் 0.96. கான்ஃபிடன்ஸை, அதான் அந்த 78-ஐ, மட்டும் பார்த்துட்டு மூணு பக்கம் எழுதி வச்சிருந்தேன். ஆச்சிகிட்ட சொன்னா, "முறுக்கு எல்லாருந்தான் வாங்குவாக, அதுக்கா ரெண்டு மாசம் இங்க வந்து உக்காந்திருந்தே?"ன்னு சிரிக்கிறாங்க.

லிஃப்ட்படி அடுக்குனா மாவுருண்டையும் மணகோலமும் 2.3-ல மேல வந்து நிக்குது. அந்த பில்லெல்லாம் அஞ்சு கிலோ, பத்து கிலோ. சீர்ப் பலகாரமா இருக்கும்னு தோணுது, தேதியை முகூர்த்த நாளோட ஒட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன். ஆடி தாண்டிரும் போல. மெயிலை அழிச்சுட்டேன்.