பறக்கும்போது மின்சாரம் போனால்: கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்துக்குப் போவதா, கோபுரம் இல்லாத களத்தில் இறங்குவதா?

கேள்வி: சமவெளிப்பறவை

அனைவருக்கும் வணக்கம். நான் கலிபோர்னியாவில் தனியார் விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு மாலை, 1970-களின் இறுதியில் செய்யப்பட்ட செஸ்னா 172என் விமானத்தில் பாசோ ரோபிள்ஸிலிருந்து ஃபிரெஸ்னோவுக்குத் தனியாகப் பறந்துகொண்டிருந்தேன். மலைகளைத் தாண்டிச் சமவெளியை எட்டியபோது வானொலியில் வந்த குரல் கரகரத்துத் தேய்ந்தது. ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரின் எண்கள் மங்கின. அதன் பிறகுதான் பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா, தீர்கிறதா என்று காட்டும் அம்மீட்டரைப் பார்த்தேன். முள் பூஜ்ஜியத்துக்கு இடப்புறம், அதாவது தீர்கிறது என்ற பக்கம், சாய்ந்திருந்தது, எவ்வளவு நேரமாக என்று சொல்ல முடியாது. எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சுவிட்சை மூன்று முறை அணைத்துப் போட்டும் பயன் இல்லை. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு எரிபொருள் முள்களும் காலி என்ற குறியில் போய் விழுந்தன. புறப்படுமுன் தொட்டிகளில் அளவுகோலை விட்டுப் பார்த்திருந்தேன் என்ற நினைவு இல்லாவிட்டால் அந்த நேரத்தில் கலங்கிப் போயிருப்பேன்.

சூரியன் மறைய அரை மணி நேரம் இருந்தது. மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஃபிரெஸ்னோவுக்கு அருகே கோபுரம் இல்லாத மடேரா களத்துக்குத் திரும்பி, ஃபிளாப் (மெதுவாக இறங்க இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் பலகை) இல்லாமல் இறங்கினேன். தீயணைப்பு வண்டிகளும் கட்டுப்பாட்டாளர்களும் இருக்கும் ஃபிரெஸ்னோவுக்கே போயிருக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: வலதுஇருக்கை

பயிற்றுநராகச் சொல்கிறேன்: பகல் வெளிச்சமும் தெளிந்த வானமும் இருந்த அந்த நேரத்தில் மடேராவைத் தேர்ந்தது சரியான முடிவு. இந்த எஞ்சினுக்குத் தீப்பொறியைத் தருவது, பேட்டரி இல்லாமலே எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ. எரிபொருள் மேலே உள்ள இறக்கைகளிலிருந்து தானாகவே இறங்குகிறது. ஆகவே பேட்டரி முழுவதும் தீர்ந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தில் இயங்குபவை. செயற்கை அடிவானமும் திசைகாட்டும் ஜைரோவும் அந்த விமானத்தில் வெற்றிடப் பம்பினால் சுழல்பவை. மின்சாரத்தோடு போவன வானொலி, டிரான்ஸ்பாண்டர், விளக்குகள், ஃபிளாப், திருப்பங்காட்டி, எரிபொருள் முள் ஆகியவை. நீங்கள் கண்டது தொட்டி காலியானதை அல்ல, முள்ளுக்கு வரும் மின்சாரம் நின்றதை.

ஃபிரெஸ்னோவுக்கும் போயிருக்கலாம். வானிலை தெளிவாக இருந்து, கோபுரம் ஒளிச்சைகையால் அனுமதி தந்தால், வானொலி பழுதான விமானம் அங்கே இறங்க அமெரிக்க விதிகள் இடம் தருகின்றன. பறப்பவருக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு ஒளிரும் பச்சை என்றால் இறங்குவதற்காகத் திரும்பி வர வேண்டும். நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு என்றால் அங்கே இறங்கவே கூடாது. பகலில் இறக்கைகளை அசைத்துப் பதில் சொல்லலாம். ஆனால் வானொலி பழுது என்று தெரிவிக்கும் 7600 என்ற குறியீட்டை அனுப்பவே டிரான்ஸ்பாண்டருக்கு மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியில் உயிர் இருக்கும்போதே, ஆல்டர்னேட்டர் போய்விட்டது, இன்ன இடத்தில் இறங்கப் போகிறேன் என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லி, 7600 வைத்து, பிறகு ஒவ்வொன்றாக அணைப்பதே முறை. நீங்கள் அம்மீட்டரைத் தாமதமாகப் பார்த்ததால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போயிற்று. உங்கள் பறத்தலில் எனக்கு உண்மையில் வருத்தம் தருவது அது ஒன்றுதான்.

இருட்டிவிட்டிருந்தால் என் பதில் தலைகீழாக மாறியிருக்கும். கோபுரம் இல்லாத பல களங்களில் ஓடுபாதை விளக்குகளை விமானிதான் வானொலிப் பொத்தானை ஐந்து நொடிக்குள் 3, 5 அல்லது 7 முறை அழுத்தி எரியவிட வேண்டும். வானொலி இல்லாதவனுக்கு அந்த ஓடுபாதை கருப்பு வயலாகவே கிடக்கும். இரவில் விளக்கெரியும், கோபுரத்தில் ஆள் இருக்கும் நிலையத்தையே நாட வேண்டும்.

ஃபிளாப்பைத் தொடாததும் நல்லதே. 172என்னில் அது 40 பாகை வரை இறங்கும். கடைசிச் சொட்டு மின்சாரத்தில் முழுவதும் இறக்கிவிட்டு, மீண்டும் மேலேற வேண்டிய நிலை வந்தால், அதை மடக்க மின்சாரம் இருக்காது. அந்த இழுவையோடு 172 ஏறத் திணறும். 5,000 அடிக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதையில் ஃபிளாப் இன்றி 65 நாட் வேக அளவில் வருவது இதைவிட எவ்வளவோ மேல்.

மறுமொழி 2: பட்டறைத்தூசி

விமானப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில், ஆல்டர்னேட்டர் சுவிட்சை நீங்கள் மூன்று முறை அணைத்துப் போட்டது பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மின்னழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு ரிலே ஆல்டர்னேட்டரைத் துண்டித்துவிடும். அது ஒரு கண நேர ஏற்றத்தாழ்வாக இருந்தால், வானொலிகளை அணைத்துவிட்டுச் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஒருமுறைக்கு மேல் வேண்டாம். மறுபடி விழும் சர்க்யூட் பிரேக்கரைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பதோ, திரும்பத் திரும்ப உள்ளே தள்ளுவதோ, சூடேறிய கம்பிக்கு மேலும் மின்சாரம் ஊட்டுவதாகும். சுட்ட ரப்பர் வாசனை வந்தாலோ புகை தெரிந்தாலோ யோசிக்காமல் மாஸ்டரை அணைக்க வேண்டும். அங்கே பேட்டரியைச் சேமிக்கும் கணக்கே கிடையாது.

காரணம் என்ன என்று கண்டுபிடித்தார்களா? இந்த லைகமிங் எஞ்சின்களில் ஆல்டர்னேட்டர் பெல்ட்டில்தான் சுழலும். பெல்ட், ஃபீல்டு கம்பி (ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொண்டுபோவது), பிரஷ், ரெகுலேட்டர் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

சமவெளிப்பறவை

நன்றி ஐயா. ஃபீல்டு கம்பியின் முனைதான் முறிந்திருந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன்: வளையத்தின் கழுத்தில் பாதி பழைய கறுப்பு, பாதி புதிய செம்பு. நீண்ட நாளாக அதிர்வில் விரிசல் விட்டு, அன்று முழுவதும் அறுந்திருக்கிறது.

மறுமொழி 3: இருஎஞ்சின்

ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். மின்சாரம் போனாலும் எஞ்சின் ஓடும் என்பது மேக்னெட்டோ உள்ள எஞ்சினுக்கே பொருந்தும். 2007 மார்ச்சில் ஜெர்மனியின் ஸ்பெயர் நகரில், பேட்டரி தீர்ந்திருந்த ஒரு டயமண்ட் டிஏ42 விமானத்தை வெளி மின்சாரத்தில் கிளப்பிக்கொண்டு புறப்பட்டார்கள். தரையைவிட்டு எழுந்து சக்கரங்களை மடக்கத் தொடங்கியபோது மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தது. டீசல் எஞ்சின்களை ஆளும் கணினிகள் அந்த ஒரு கணத்தில் மீள்தொடக்கம் ஆக, இரண்டு எஞ்சின்களும் நின்றன. உயிரிழப்பு இல்லை. சிறு விமானங்களில் பொருத்தும் ரோட்டாக்ஸ் எஞ்சின்களிலும் இந்த வேறுபாடு உண்டு: கார்புரேட்டர் உள்ள 912 தன் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், 912ஐஎஸ் வகைக்கு எரிபொருளைப் பீய்ச்சவும் மின்சாரம் தேவை. வேறு விமானத்துக்கு மாறுமுன் அதன் கையேட்டில் மின்பழுது அத்தியாயத்தை முதலில் படியுங்கள்.

சமவெளிப்பறவை

அனைவருக்கும் நன்றி. கையடக்க வானொலி ஒன்று வாங்கிவிட்டேன். விமானத்தின் ஆண்டெனாவில் இணைக்கும் கம்பியும் உடன் இருக்கிறது. அம்மீட்டரை எரிபொருள் தொட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் பார்ப்பது என்று சரிபார்ப்புப் பட்டியலில் என் கையாலேயே எழுதிச் சேர்த்திருக்கிறேன்.