குலசைல ராக்கெட் தளம் எதுக்கு?

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டா இருக்கும்போது குலசேகரப்பட்டினத்துல எதுக்குங்க இன்னொண்ணு? தசராவுக்குப் போனப்ப கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வெறும் அரசியலா?

பதில்: அரசியல் இல்லாம இல்ல, ஆனா காரணம் இலங்கைதான். ஸ்ரீஹரிகோட்டாலருந்து துருவப் பாதைக்கு (வடக்கு தெக்கா பூமியச் சுத்துற பாதை) ராக்கெட் விட்டா இலங்கை மேல போயிரக்கூடாதுன்னு வளைச்சு ஓட்டணும், எரிபொருள் வீணாகும், இஸ்ரோவோட பெரிய ராக்கெட் பிஎஸ்எல்வி தாங்கிக்கும், எஸ்எஸ்எல்வி மாதிரி சின்ன ராக்கெட்டுக்கு பெரிய அடி. குலசைக்கு நேர் தெக்க கடல்தான்.

இன்னொருத்தர்: 2024 பிப்ரவரி 28 அடிக்கல் நாட்டுனப்ப டிவில இத எங்க பேசுனாங்க? பேப்பர் விளம்பரத்துல ராக்கெட்ல சீனக்கொடி இருந்துச்சுன்னு சண்டைதான் ஓடுச்சு 😂

கேட்டவர்: ஓ... அப்ப திருச்செந்தூர் போறவங்க அப்படியே ராக்கெட்டும் பாக்கலாமா?

பதில்: ஸ்ரீஹரிகோட்டால பார்வையாளர் கேலரி இருக்கு, ஆன்லைன்ல பதிஞ்சிட்டுப் போலாம். இங்கயும் வெச்சா நல்லாருக்கும், ரூம் வாடகைய நெனச்சாதான் பக்குங்குது.