வெள்ளிக்கிழமை ஹாலோவீனாம், வௌவால் வேஷம் வேணும்: வீட்டுல இருக்கிறதை வச்சு எப்படி?

காட்பாடி_அம்மா (செவ்வாய், காலை)

வணக்கம். பொண்ணு ரெண்டாங்கிளாஸ். வர்ற வெள்ளி, அக்டோபர் 31, ஸ்கூல்ல ஹாலோவீனாம், வேஷம் போட்டு அனுப்பணுமாம். மெசேஜ் வந்ததே நேத்து ராத்திரி. தீபாவளிச் செலவு இப்பதான் ஓய்ஞ்சுது. வாடகை டிரெஸ்ஸுக்கு 600 ரூபா, அதுக்கு மேல அட்வான்ஸ் கேக்கறாங்க. காசை விடுங்க, போன வருஷம் மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு எடுத்த மயில் டிரெஸ்ல கழுத்தெல்லாம் தடிச்சு மூணு நாள் சொறிஞ்சுகிட்டே இருந்தா. இனிமே அந்தப் பக்கமே போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

அவளுக்கு வௌவால்தான் வேணுமாம். வீட்ல இருக்கிறது: கம்பி ஒடிஞ்ச கறுப்புக் குடை ஒண்ணு, கறுப்பு டீ-ஷர்ட், லெக்கிங்ஸ், தீபாவளி டிரெஸ் வந்த அட்டை டப்பாங்க, பழைய வேட்டி. மிஷின் கிடையாது, கைத்தையல்தான்.

இன்னொண்ணு. மாமியார் "வெள்ளிக்கிழமையும் அதுவுமா புள்ளைக்குப் பேய் வேஷமா"ன்னு கேட்டுட்டு நேத்துலேர்ந்து பேசல. அவங்க மனசும் நோகக்கூடாது.

குடியாத்தம்_லுங்கி

சோளக்கொல்லை பொம்மை பண்ணுங்க சிஸ்டர். எங்க ஊர் கைலி ஒண்ணு, அப்பாவோட பழைய சட்டை, கைமுனையில கொஞ்சம் வைக்கோல், தலையில துண்டு. அரை மணி நேரம். என் பையனுக்கு ரெண்டு தடவை இதேதான். பேயும் இல்ல, மாமியாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வைக்கோலை மட்டும் சட்டைக்கு உள்ளே விடாதீங்க, அரிக்கும்.

ஆற்காடு_தையல்

பொம்மை நல்ல யோசனைதான் தம்பி. ஆனா புள்ளை வௌவால்னு கேட்டுடுச்சு. குடையும் வீட்லயே இருக்கு. அப்புறம் என்ன?

கண்ணு, எனக்கு 58 வயசு. எங்கப்பா கூத்துல வேஷம் கட்டினவர். பாரதக் கூத்து நடக்கிற மாசத்துல ராத்திரி பூரா அவர் பின்னாடியே அலைஞ்சு வளர்ந்தவ நான். கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்துல செதுக்கியிருக்கும். விடியுற வரைக்கும் தலையிலயும் தோள்லயும் தாங்கணும்ல, அதான் எடை இல்லாத மரம். அதுமேல கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டினா பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல பத்துக் கிலோ தங்கம் மாதிரி தெரியும். உன் பொண்ணுக்கும் அந்தக் கணக்குதான். கனமும் கூடாது, நடக்கவும் ஓடவும் முடியணும்.

குடையை எடுத்துக்கோ. எட்டு கம்பி இருந்தா துணி எட்டு துண்டா இருக்கும். ஒவ்வொரு கம்பியிலயும் நடுவுல ஒண்ணு ரெண்டு எடத்துல நூல் முடிச்சுப் போட்டிருப்பான். கத்திரிக்கோல் உள்ளே நுழையாது, நகவெட்டியால வெட்டு, துணி கிழியாம வரும். கம்பி நுனியில இருக்கிற குமிழ் துணியோடவே வந்துடும். எட்டு குமிழையும் எண்ணி எடுத்துடு. ஒண்ணு விட்டாக்கூட பக்கத்துப் புள்ளை கண்ணுல குத்தும்.

இப்ப எதிரெதிர் தையல் ரெண்டு வழியா வெட்டினா நாலு நாலு துண்டா ரெண்டு பாதி வரும். ஒரு பாதியே போதும். நேரா வெட்டின ஓரம் மேல, வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற ஓரம் கீழ. அந்த வளைவுதான் வௌவால் றெக்கை, நீ ஒண்ணும் வரைய வேணாம். உச்சி ஓட்டை பாதியா வெட்டுப்பட்டு இருக்கும் பாரு, அது சரியா பின்கழுத்துல உக்காரும். வெட்டின ஓரத்தை ஒரு விரக்கடை மடிச்சு ஓட்டுத்தையல் போடு, இல்லன்னா நூல் நூலா பிரியும்.

ரெண்டு மணிக்கட்டுக்கும் எலாஸ்டிக் வளையம். பழைய பாவாடையில இருந்து உருவிக்கலாம். இறுக்கமா வைக்காத, ரெண்டு விரல் உள்ளே போகணும். பின்கழுத்துல டீ-ஷர்ட்டோட ஒரே ஒரு டிச் பட்டன். கழுத்தைச் சுத்தி மட்டும் எதையும் கட்டாத. புள்ளைங்க ஒண்ணை ஒண்ணு பின்னாடி இழுக்கும், இழுத்தா பட்டன் பிச்சுகிட்டு வரணும், கழுத்தை இறுக்கக் கூடாது. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன்.

காதுக்கு டிரெஸ் டப்பா அட்டை, மேல மீதிக் குடைத்துணி, ஹேர்பேண்டுல தைச்சிடு. அட்டை வேலை அதோட நிக்கட்டும். ஐப்பசி மழை, ஆட்டோவுல இறங்குறதுக்குள்ள ஊறிப்போகும்.

வேட்டியைக் கிழிச்சுச் சுத்தி மம்மி பண்ணலாம்னு யாராவது சொல்லுவாங்க, கேக்காத. நடுவுல பாத்ரூம் வந்தா அந்தக் குழந்தை என்ன பண்ணும்?

முகமூடியும் வேணாம். மூக்கு நுனியிலயும் புருவத்துலயும் கண்மை, அவ்வளவுதான். முதல்ல துளி தேங்காயெண்ணெய் தடவிட்டு அதுமேல வை. அப்பா அரிதாரம் குழைச்சதும் தேங்காயெண்ணெயிலதான், காலையில கலைச்சதும் அதே எண்ணெயிலதான், சோப்பு அதுக்கப்புறம். குங்குமம், கோலப்பொடி, சுண்ணாம்பு எதுவும் முகத்துக்கு ஆகாது. அதுவும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா செவக்கும், பார்க்க நல்லாத்தான் இருக்கும், குழந்தைத் தோலு வெந்துடும்.

பாகாயம்_டீச்சர்

மாமியார்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. இது அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துப் பழக்கம். அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்குற ராத்திரியில ஆவிங்க நடமாடும்னு நம்பி, அதுங்களுக்கு அடையாளம் தெரியாம இருக்க வேஷம் போட்டாங்க. முதல்ல டர்னிப் கிழங்கைத்தான் குடைஞ்சு விளக்கு வச்சாங்க, அமெரிக்கா போன பிறகுதான் பரங்கிக்காய் வந்தது. மறுநாள் நவம்பர் 1 புனிதர்கள் திருநாள், 2 கல்லறைத் திருநாள். நாங்க அன்னைக்கு எங்க தாத்தா பாட்டி கல்லறையில மெழுகுவத்தி ஏத்துவோம். இப்ப அந்த ஊர்லயும் பிள்ளைங்க டாக்டர், பூனை, பட்டாம்பூச்சின்னு எந்த வேஷமும் போடுறாங்க. பேய்தான்னு ஒண்ணும் இல்ல.

ஆற்காடு_தையல்

டீச்சரம்மா சொன்னது சரி. நான் அந்தப் பெரியம்மாவுக்கு இன்னொண்ணும் சொல்லுவேன். வீடு கட்டுறப்போ பூசணிக்காயில கோரமா முகம் எழுதி வாசல்ல தொங்க விடுறோம். சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைக்குப் பாலாத்துக்குப் போறப்போ ஆம்பளைங்க பொம்பளைங்க எல்லாம் காளி வேஷத்துல வர்றாங்க, கையெடுத்துக் கும்பிடுறோம். பயமான முகத்தைக் கட்டிக்கிட்டு பயத்தை வெரட்டுறது நமக்குப் புதுசு இல்ல. ஆனா நீ எடுத்துச் சொல்றதை விட, அந்தக் காதைத் தைச்சுக் குடுக்கச் சொல்லி அவங்ககிட்டயே குடு. அவங்க காலத்துக் கைத்தையல் உன்னோடதை விட நெருக்கமா இருக்கும்.

காட்பாடி_அம்மா (வியாழன், ராத்திரி)

அக்கா, தைச்சாச்சு. காதைக் குடுத்தேன், ஒண்ணும் பேசாம வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுகிட்டுத் தைச்சாங்க. ஒரு காது மடங்கி விழுதுன்னு அவங்களே உள்ளே துடைப்பக் குச்சி வச்சு நிமித்திட்டாங்க. இப்ப ஒரே ஒரு பிரச்சனை. போட்டுப் பார்த்தா கையை விரிச்சுகிட்டே நிக்கறா, ரெண்டு நிமிஷத்துல கை வலிக்குதுங்கறா.

ஆற்காடு_தையல்

விரிச்சு வைக்க வேணாம் கண்ணு. கூத்துல வேஷக்காரன் சட்டுனு சபைக்கு முன்னால வந்து நிக்க மாட்டான். ரெண்டு பேர் திரை பிடிப்பாங்க. திரைக்குப் பின்னாடி சலங்கை மட்டும் கேக்கும், கிரீடத்தோட உச்சி மட்டும் தெரியும். அப்பா அந்தத் திரைக்குப் பின்னாடியே பாடி ஆடி நம்மளைத் தவிக்க விடுவார். திரை விலகுறப்போ எனக்கு வயித்துல என்னமோ பண்ணும், என் சொந்த அப்பாதான்னு தெரிஞ்சும்.

உன் பொண்ணுக்கு அந்த றெக்கைதான் திரை. ரெண்டு கையையும் மார்ல குறுக்கா வச்சு, தலையைக் குனிஞ்சு, துணிக்குள்ள மூடிகிட்டு நடந்து வரட்டும். நடுவுல வந்து நின்னு, மனசுக்குள்ள மூணு எண்ணி, ஒரே வீச்சுல விரிக்கட்டும். இன்னைக்கு ராத்திரி நாலு தடவை நடக்க விட்டுப் பாரு.

காட்பாடி_அம்மா (சனி)

நேத்து காலையில நல்ல மழை. துணி குடைத்துணிதானே, உதறினதும் தண்ணி ஓடிடுச்சு. அட்டையில வேஷம் பண்ணின பசங்கதான் பாவம், ஒரு பையனோட ரோபோ வாசல்லயே நசுங்கிப்போச்சு. இவ மூடிகிட்டுப் போய் மூணு எண்ணாம பத்து எண்ணியிருக்கா. கிளாஸே அமைதியாயிடுச்சுன்னு மிஸ் சொன்னாங்க. விரிச்சதும் முன் வரிசையில ஒரு குழந்தை எழுந்து ஓடிடுச்சாம், அப்புறம் அதுவே வந்து றெக்கையைத் தொட்டுப் பார்த்துதாம். இழுபறியில டிச் பட்டன் ரெண்டு தடவை பிச்சுகிட்டு வந்துது. நீங்க அழுத்திச் சொன்னது அப்பதான் புரிஞ்சுது அக்கா. தோல்ல ஒரு தடிப்பு இல்ல.

சாயங்காலம் மாமியார்தான் எண்ணெய் வச்சு முகத்தைத் துடைச்சு விட்டாங்க. மீதி இருக்கிற மூணு துண்டுல ஸ்கூல் பைக்கு மழை உறை தைக்கலாமான்னு கேக்கறாங்க. பத்துமா?

ஆற்காடு_தையல்

ரெண்டாங்கிளாஸ் பைதானே, பத்தும். மூணையும் பிரிக்காம அப்படியே பை மேல கவுத்துப் போட்டு, ஓரம் பூரா எலாஸ்டிக் கோத்துடு. உச்சி ஓட்டையில மட்டும் ஒரு வட்டத் துண்டு வச்சுத் தைக்கச் சொல்லு, இல்லன்னா அது வழியா தண்ணி நோட்டுல இறங்கும்.