பிரைமரியில் ஜெயித்தவருக்கு கிளப் கை கொடுக்க வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா?

ஏழாம்நம்பர் ரயில் | ஜூலை 19, 2025

நியூயார்க்கின் க்வீன்ஸில் எங்கள் பகுதி டெமாக்ரட் கட்சி கிளப் போன வியாழக்கிழமை கூடியது. பேச எனக்குக் கிடைத்தது இரண்டே நிமிடம். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: நவம்பர் மேயர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று கட்சியில் பதிவு செய்தவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பிரைமரி. நியூயார்க்கில் ஜூன் 24 அன்று அது நடந்தது. வெயில் நூறு டிகிரியை ஒட்டிக் கொளுத்திய நாள். அஸ்டோரியா பகுதியின் சட்டமன்ற உறுப்பினர் ஜோரான் மம்தானி ஜெயித்தார், முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ தோற்றார். அன்று ராத்திரியே தோல்வியை ஒப்புக்கொண்ட குவோமோ, ஜூலை 14 அன்று சுயேச்சையாக நிற்பதாக அறிவித்துவிட்டார். எங்கள் கிளப் வசந்த காலத்தில் ஆதரித்தது குவோமோவை.

கூட்டம் நூலகத்தின் கீழ்த்தளத்தில். நீள மேசையில் எங்கள் பகுதியின் வாக்குச்சாவடி வாரியான முடிவுத் தாள்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்கள். மம்தானி முந்திய சாவடிகளுக்கு ஆரஞ்சு, குவோமோவுக்கு நீலம் என்று யாரோ பொறுமையாகக் கலர் பென்சிலால் தீட்டியிருந்தார்கள். ரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடிகள் எல்லாம் ஆரஞ்சு. தனி வீடுகள் இருக்கும் மேட்டுத் தெருக்கள் நீலம். அந்த மேசையைச் சுற்றி நின்றுதான் எல்லாரும் பேசினோம், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கட்சியின் வேட்பாளர் மம்தானியை ஆதரிப்பது என்று ஒரு தீர்மானம் வந்தது. உடனே அதை செப்டம்பருக்கு ஒத்திவைக்கச் சொல்லி இன்னொன்று. ஒத்திவைப்பு மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது.

எனக்கு இதில் ஆறவே இல்லை. மார்ச் மாதக் குளிரில், பிளஷிங் பிள்ளையார் கோவில் இருக்கும் பவுன் ஸ்ட்ரீட் நடைபாதையில், கிளப் கொடுத்த மனுத் தாளோடு நின்று கையெழுத்து வாங்கியவள் நான். தாளில் குவோமோ பெயர் இருந்தது. என் மனதில் இருந்தது வேறு ஆள். ஆனாலும் கிளப் முடிவு என்று நின்றேன். தயங்கியவர்களிடம், "இது ஓட்டு இல்லைங்க, போட்டியில் நிற்க ஒரு வாய்ப்பு மட்டும்தான். யார் வேண்டும் என்பதை ஜூனில் நீங்களே சொல்லுங்கள்" என்றேன். அவர்கள் ஜூனில் சொல்லிவிட்டார்கள். இப்போது நாம் காது கேட்காத மாதிரி இருப்பது எப்படி நியாயம்?

ஹில்சைடு வீட்டுக்காரர் | ஜூலை 19

ஒத்திவைக்கக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். நீங்கள் குளிரில் நின்றதை நானே பார்த்தேன் அக்கா, அதற்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் கிளப் என்பது கட்சி அலுவலகத்தின் ரப்பர் ஸ்டாம்பு கிடையாது. சந்தா கட்டும் உறுப்பினர்களின் சங்கம். அவர்கள் மனம் மாறாத வரை அவர்கள் பெயரில் ஆதரவு எழுதித் தர முடியாது.

எண்ணிக்கையையும் பாருங்கள். முதல் விருப்பத்தில் மம்தானிக்கு 43.8 சதவீதம், குவோமோவுக்கு 36.1. அதாவது ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேல் அவரை முதலில் எழுதவில்லை. மொத்தம் ஓட்டுப் போட்டவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். நகரில் பதிவு செய்த வாக்காளர்களோ ஐம்பது லட்சத்துக்கு மேல். எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் மட்டுமே பத்து லட்சத்தைத் தாண்டுவார்கள், அவர்களுக்கு பிரைமரியில் இடமே இல்லை. ஊரே பேசிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

நான் இரண்டு குடும்பம் இருக்கும் சின்ன வீட்டுக்குச் சொந்தக்காரன். மேலே நாங்கள், கீழே வாடகைக்கு ஒரு குடும்பம். வாடகையை ஏற்றவிடாமல் உறைய வைப்பேன் என்று மம்தானி சொன்னால் எனக்குக் கவலை வராதா?

தேன்மொழி, அஸ்டோரியா | ஜூலை 19

அண்ணா, உங்கள் வீட்டுக்கும் அந்த வாக்குறுதிக்கும் சம்பந்தமே இல்லை. உறைய வைப்பேன் என்று அவர் சொல்வது ரென்ட் ஸ்டெபிலைஸ்டு வீடுகளின், அதாவது வாடகை ஏற்றத்துக்கு வரம்பு உள்ள வீடுகளின் வாடகையை. நகரில் அப்படி சுமார் பத்து லட்சம் வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளுக்குக் குறையாத கட்டடங்கள். இரண்டு குடும்ப வீடு அதில் வராது. மேயர் நியமிக்கும் ஒன்பது பேர் கொண்ட வாரியம்தான் அந்த வாடகையை முடிவு செய்கிறது. போன மாதம் 30-ஆம் தேதிகூட ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 3 சதவீதம், இரண்டு வருடத்துக்கு 4.5 சதவீதம் என்று ஏற்றினார்கள். நான் அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கிறேன். அந்தச் செய்தி வந்த ராத்திரி நானும் என் கணவரும் சாப்பாட்டு மேசையில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

43.8 என்று பாதியில் நிறுத்தாதீர்கள். நமக்கு ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறை இருக்கிறது. 2019-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த முறை அது. கடைசி ஆட்களை ஒவ்வொருவராக நீக்கி அவர்களின் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றிய பிறகு 56.4-க்கு 43.6. மூன்றாவதாக வந்த பிராட் லேண்டரும் மம்தானியும் ஒருவருக்கொருவர் ஆதரவு சொன்னவர்கள். இரண்டாவதாக யார் என்று மக்கள் யோசித்தே எழுதினார்கள்.

ஹில்சைடு வீட்டுக்காரர் | ஜூலை 20

சரி, வாடகை விஷயத்தில் நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். கூட்டத்தில் யாராவது இதை இப்படி விளக்கியிருக்கலாம்.

ஆனால் மற்ற வாக்குறுதிகள்? இலவசப் பஸ் என்கிறார், பஸ்ஸை ஓட்டும் எம்.டி.ஏ. மாநிலத்தின் கையில். பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குக் கூடுதல் வருமான வரி என்கிறார், அதற்கு மாநிலத் தலைநகர் ஆல்பனியில் சட்டமன்றமும் ஆளுநரும் சம்மதிக்க வேண்டும். இதையெல்லாம் அவரை நேரில் வரவழைத்துக் கேட்கத்தான் செப்டம்பர் வரை அவகாசம் கேட்டோம். ஆதரவை இப்போதே கொடுத்துவிட்டால் அப்புறம் கேள்வி கேட்க நம்மிடம் என்ன இருக்கும்?

பச்சை அட்டை | ஜூலை 20

நான் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை. கிளப்பில் உறுப்பினர், தேர்தலில் ஓட்டு கிடையாது. என்னைப் போன்றவர்கள் நகரத் தேர்தல்களில் ஓட்டுப் போட வழி செய்த சட்டத்தை இந்த மார்ச்சில்தான் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ரத்து செய்தது. மனுவில் கையெழுத்து வாங்கவும் எனக்கு உரிமை இல்லை, பதிவு பெற்ற டெமாக்ரட்தான் சாட்சியாக நிற்க வேண்டும். அதனால் அக்கா பக்கத்தில் நின்று கிளிப்போர்டும் பேனாவும் பிடித்துக்கொண்டிருந்தேன். குளிரில் பேனா எழுதாமல் போகும், உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடாக்கிக் கொடுப்பேன்.

கூட்ட நேரத்தில் பாதி "தோற்றது எப்படி" என்பதிலேயே போய்விட்டது. ஆரஞ்சு தீட்டிய கட்டடங்களில் குடியிருப்பவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை என்பதை யாரும் சொல்லவில்லை. இந்தியிலும் உருதுவிலும் வங்காளத்திலும் வீடியோ போட்டு அந்தக் கதவுகளை மம்தானி ஆட்கள் தட்டியிருக்கிறார்கள். நம் கிளப் எத்தனை கதவைத் தட்டியது? எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

பழைய பேனா | ஜூலை 20

இந்த ஊருக்கு வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. தோற்றவர் மறுபடி நிற்பது இங்கே புதிதல்ல. 1969-இல் மேயர் ஜான் லிண்ட்சே குடியரசுக் கட்சி பிரைமரியில் தோற்று, லிபரல் கட்சிச் சின்னத்தில் நின்று மேயராகவே திரும்பி வந்தார். 1977-இல் இதே குவோமோவின் தந்தை மரியோ குவோமோ டெமாக்ரட் பிரைமரியில் எட் காச்சிடம் தோற்றார், லிபரல் கட்சி வழியாக நவம்பரிலும் நின்றார், மறுபடியும் தோற்றார். 2021-இல் பஃபலோ நகரில் இந்தியா வால்டன் மேயர் பிரைமரியில் ஜெயித்தும், அதில் தோற்ற பைரன் பிரவுன் வாக்குச்சீட்டில் பெயரே இல்லாமல், மக்கள் கையால் எழுதிப் போட்ட ஓட்டுகளால் ஜெயித்தார். ஆகவே ஹில்சைடு தம்பி சொல்வது சட்டப்படி சரி. பிரைமரி யாரையும் கட்டிப்போடாது.

ஆனால் கிளப்பின் பலம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். 1963-இல் கிரீனிச் வில்லேஜில் சீர்திருத்தக் கிளப் ஒன்றின் ஆளாக நின்ற காச், நகரை ஆட்டிவைத்த பழைய கட்சி அமைப்பான டாமனி ஹாலின் பெரும்புள்ளி கார்மைன் டி சேபியோவை 41 ஓட்டில் தோற்கடித்தார். 2019-இல் நம் க்வீன்ஸ் அரசு வழக்கறிஞர் பிரைமரியில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு மெலிண்டா காட்ஸ் 60 ஓட்டில் ஜெயித்தார். தேர்தல் இரவில் முந்தியிருந்தவர் டிஃபனி கபான். அவருக்காக உழைத்தவர்களுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்! எண்ணி முடித்த ஓட்டை ஏற்றுக்கொண்டார்கள். அன்று அவர்களிடம் "ஒரு ஓட்டானாலும் தோல்வி தோல்விதான்" என்று சொன்னவர்களில் பலர் நம் கூட்டத்தில் இருந்தார்கள். அன்று சொன்னதை இன்று தமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

ஹில்சைடு வீட்டுக்காரர் | ஜூலை 20

ஐயா, அன்று அப்படிச் சொன்னவர்களில் நானும் உண்டு. மறுக்கவில்லை.

ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, ஆதரிப்பது வேறு. ஜெயித்தார் என்பதை ஏற்கிறேன். எண்ணிக்கையில் குறை சொல்லவில்லை. என் சந்தாவில் அச்சடிக்கும் நோட்டீஸில் "எங்கள் கிளப்பின் வேட்பாளர்" என்று போடுவதற்கு மட்டும் எனக்கு மனம் ஒப்ப வேண்டும். தென்கிழக்கு க்வீன்ஸில் கறுப்பினக் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் வீட்டுத் தெருக்களும் குவோமோ பக்கம்தான் நின்றன. அந்த மனிதர்களும் இந்தக் கட்சிக்காக வருடக்கணக்காக உழைத்தவர்கள். நீலம் தீட்டிய தெருக்களுக்கும் யாராவது போய்ப் பேச வேண்டும்.

ஏழாம்நம்பர் ரயில் | ஜூலை 21

தம்பி, அந்தத் தெருக்களுக்கு நானே வருகிறேன், நீங்களும் கூட வாருங்கள். பச்சை அட்டை சொன்ன கட்டடங்களுக்கும் இரண்டு பேரும் போவோம்.

ஆனால் மனம் ஒப்புகிறதா என்று நீங்கள் மார்ச்சிலேயே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். என் மனமும் அன்று ஒப்பவில்லை. எண்ணிக்கையில் தோற்றேன், அதனால் உங்கள் ஆளுக்காக விரல் மரத்துப்போக நின்றேன். பெரும்பான்மை என்பது உங்கள் பக்கம் இருக்கும்போது என்னைக் கட்டுப்படுத்தும், என் பக்கம் வந்தால் உங்களைக் கட்டுப்படுத்தாது என்றால், அடுத்த மார்ச்சில் அந்தத் தாளை நான் ஏன் கையில் எடுக்க வேண்டும்?

ஹில்சைடு வீட்டுக்காரர் | ஜூலை 21

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை அக்கா. செப்டம்பரில் சொல்கிறேன்.

தேன்மொழி, அஸ்டோரியா | நவம்பர் 5, 2025

இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். நேற்று மம்தானி பாதிக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி மேயராக ஜெயித்தார், குவோமோவுக்கு நாற்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இருபது லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், மேயர் தேர்தலில் 1969-க்குப் பிறகு இவ்வளவு கூட்டம் வந்ததே இல்லை. செப்டம்பர் கூட்டத்துக்கு என்னால் வர முடியவில்லை. என்ன ஆயிற்று என்று யாரும் இங்கே எழுதவே இல்லையே?

ஹில்சைடு வீட்டுக்காரர் | நவம்பர் 5

தீர்மானம் நிறைவேறியது. நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன், எதிர்ப்பை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொன்னேன், பதிந்தார்கள். நேற்றும் நான் போட்டது குவோமோவுக்குத்தான். ஆனால் கிளப் முடிவு ஆன பிறகு அக்டோபரில் இரண்டு சனிக்கிழமை எங்கள் தெருவிலேயே மம்தானி நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீயுமா?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். கிளப் முடிவு என்றேன். கதவைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

ஏழாம்நம்பர் ரயில் | நவம்பர் 5

நான் பார்த்தேன் தம்பி. 2026 ஜூன் பிரைமரிக்கு பிப்ரவரி கடைசியில் கையெழுத்து தொடங்கும். பவுன் ஸ்ட்ரீட் எனக்கு, ஹில்சைடு அவென்யூ உங்களுக்கு. தாளில் யார் பெயர் வந்தாலும் சரி.