மஸ்கட்டிலிருந்து சூர் வரை: வெள்ளி, சனி இரண்டு நாள் போதுமா?

தாமிரபரணிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கட் வந்து 14 மாதம் ஆகிறது. ரூவியில் ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறோம். இதுவரை நாங்கள் பார்த்த ஓமன் என்றால் ஆபீஸ், ரூவி ஹை ஸ்ட்ரீட், மத்ரா கடற்கரை, அவ்வளவுதான். இப்போது எங்களில் ஒருவனுக்கு ஒருவழியாக லைசென்ஸ் கிடைத்துவிட்டது. டிரம்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்கும் டெஸ்டில் இரண்டு தடவை, ரோட்டு டெஸ்டில் மூன்று தடவை ஃபெயில் ஆகி வாங்கியது. அவன் பட்ட பாட்டுக்கு எங்காவது போயே ஆக வேண்டும்.

வாடகைக்கு ஒரு சின்ன கார் எடுத்து வெள்ளி காலை 8 மணிக்குக் கிளம்பலாம் என்று இருக்கிறோம். குரியாத், பிம்மா சிங்க்ஹோல் (தரை உள்வாங்கி உண்டான குளம்), ஃபின்ஸ் கடற்கரை, வாதி ஷாப், வாதி திவி (வாதி என்றால் மலைக்கு நடுவே ஓடைப் பள்ளத்தாக்கு), கல்ஹாத், சூர், இரவு ராஸ் அல் ஜின்ஸ் கடற்கரையில் முட்டையிட வரும் ஆமை. ஆமையைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பினால் ரூம் வாடகை மிச்சம். சனி மதியம் ஒருவனுக்கு டூட்டியும் இருக்கிறது. நான்கு பேரில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. நவம்பரில் போகலாமா? இந்தத் திட்டம் சரிப்படுமா?

பாலைவனப்பறவை:

தாராளமாகச் சரிப்படும் பாஸ். நாங்கள் ஒரே நாளில் இதெல்லாம் பார்த்துவிட்டு வந்தோம். காலை 4 மணிக்குக் கிளம்புங்கள், போதும்.

அஞ்சறைப்பெட்டி:

தம்பி, மேலே சொன்னவர் பார்த்திருப்பார், வண்டி ஓட்டியவர் என்ன பார்த்தார் என்று கேளுங்கள்.

நான் இங்கே வந்தது 2006-ல். அப்போது இந்தக் கடலோர நெடுஞ்சாலை கிடையாது. சூர் போக வேண்டுமென்றால் உள்நாட்டு வழியாக இப்ரா சுற்றிப் போவோம், இல்லாவிட்டால் கடலோரம் கல்லும் மண்ணுமாக ஒரு பாதை, அதில் இடுப்பு கழன்றுவிடும். இப்போது சாலை வழுவழு. மஸ்கட்டிலிருந்து சூர் சுமார் 200 கிலோமீட்டர், இரண்டு இரண்டரை மணி நேரம்தான். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சாலை சீக்கிரம் முடிந்துவிடும், இடங்கள் முடியாது.

வாதி ஷாப் ஒன்றுக்கே அரை நாள் வேண்டும். பாலத்தடியில் வண்டியை விட்டுவிட்டுச் சின்னப் படகில் அக்கரை போக வேண்டும். அப்புறம் பாறை மேலும் பழைய வாய்க்கால் ஓரமாகவும் முக்கால் மணி நேர நடை. அதன் பிறகுதான் நீந்தும் குளங்கள் வரும். கடைசியில் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு பாறை இடுக்கு. அதற்குள் நீந்திப் போனால் குகை, குகைக்குள்ளே அருவி. அதைப் பார்த்தவன் பத்து நிமிடத்தில் வெளியே வர மாட்டான். அப்புறம் அதே வழியில் திரும்பி நடக்க வேண்டும். இதற்குப் பிறகு திவி எதற்கு? அடித்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு வாதி போவது இரண்டு கல்யாண வீட்டில் சாப்பிடுவது மாதிரி.

நீச்சல் தெரியாத தம்பி முதல் குளம் வரை வரலாம், பிறகு கரையில் உட்காரட்டும். "சும்மா வா, ஆழமில்லை" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நடுவில் திடீரென்று கால் எட்டாது. லைஃப் ஜாக்கெட் கையோடு கொண்டு போங்கள். செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ. அந்தக் கற்கள் எண்ணெய் தடவிய மாதிரி இருக்கும்.

முக்கியமான ஒன்று, மழை. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை நம்பாதீர்கள், மலைப்பக்கம் பாருங்கள். குற்றாலத்தில் மேலே மழை பெய்து தண்ணீர் கூடினால் விசில் அடித்து எல்லோரையும் விரட்டுவார்கள், தாமிரபரணிக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே விசில் அடிக்க ஆள் கிடையாது. முந்தின நாள் வானிலை அறிவிப்பில் மழை என்று ஒரு சொல் இருந்தாலும் வாதியை விட்டுவிடுங்கள்.

ஃபின்ஸ் பற்றி என் சொந்தக் கதை. எங்களுடையதும் சின்ன கார்தான். கடல் அவ்வளவு அழகாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போவோம் என்று மணலில் இறக்கிவிட்டேன். முன்சக்கரம் இரண்டும் புதைந்துவிட்டன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி கிணறு வெட்டிக்கொண்டு இறங்குகிறது. காற்றைக் குறைத்துப் பார்த்தோம், கால்மிதியைச் சக்கரத்தடியில் போட்டுப் பார்த்தோம், அது பின்னால் பறந்து போய் விழுந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு ஓமானி மீனவர் பிக்கப்பில் வந்தார். எதுவும் கேட்கவில்லை. வலை கட்டும் கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டு இரண்டே இழுப்பில் வெளியே எடுத்துவிட்டார். பணம் நீட்டினேன். அவர் கோபித்துக்கொண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டிக்குள்ளிருந்து பேரீச்சம்பழமும் ஃபிளாஸ்கில் கஹ்வாவும் (அரபுக் காப்பி) எடுத்து வந்தார். நான்கு பேரும் மணலில் உட்கார்ந்து குடித்தோம். அதனால் சொல்கிறேன்: காரை இறுகிய தரையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். எல்லா நாளும் பிக்கப் வராது.

இரவோடு இரவாகத் திரும்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டத் தெரிந்தவன் ஒருவன், அவன் கையிலும் நேற்று வந்த லைசென்ஸ். மற்ற மூன்று பேரும் இந்தியாவில் லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் இங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஓமன் லைசென்ஸ்தான் செல்லும், மாற்றி ஓட்ட முடியாது. பகல் முழுக்க நடந்து நீந்தினவன் நள்ளிரவில் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும்? 120 தாண்டினால் மணி அடிக்கும் கார்கள் உண்டு, தூங்கினால் மணி அடிக்கும் காரை வாடகைக்கு யாரும் தர மாட்டார்கள். போதாததற்கு சூருக்கு அப்பால் ஒட்டகம். இருட்டில் கால் மட்டும்தான் விளக்கில் தெரியும், உடம்பு மேலே இருக்கும். சூரில் ஒரு ரூம் எடுங்கள். காசை நான்காகப் பிரித்தால் பெரிதாகத் தெரியாது.

சாப்பாடு: வெள்ளி தொழுகை நேரத்தில் வழியில் சின்னக் கடைகள் மூடியிருக்கும். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள்.

சூர்வாசி:

அஞ்சறைப்பெட்டி அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ராஸ் அல் ஜின்ஸ் சூரிலிருந்து இன்னும் 40 கிலோமீட்டருக்கு மேல். அது காப்பகம், நாமாகக் கடற்கரைக்குப் போக முடியாது. வழிகாட்டியோடு குழுவாகத்தான் விடுவார்கள், முன்பதிவு கட்டாயம். இரவு ஒரு முறை, விடியற்காலை ஒரு முறை. நான் விடியற்காலையைத்தான் சொல்வேன். ஆமைகள் வருடம் முழுக்க வரும் என்றாலும் கோடையில்தான் அதிகம், நவம்பரில் ஒன்றிரண்டு பார்த்தாலே அதிர்ஷ்டம். டார்ச், ஃபிளாஷ் வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்துத் திசை மாறிவிடும்.

கல்ஹாத்தை விட்டுவிடாதீர்கள். சாலைப் பக்கத்திலிருந்தே பீபி மரியம் சமாதி தெரியும், மேற்கூரை இல்லாத பாழடைந்த கட்டடம். போர்த்துகீசியர்கள் 1508-ல் சூறையாடிய ஊர், 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மார்கோ போலோ இந்த ஊரைப் பற்றி எழுதும்போது இங்கிருந்து நல்ல குதிரைகள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதாகச் சொல்கிறார். அதே மனிதர் நம்ம காயலில் பாண்டியர்களுக்கு அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்குவதையும் எழுதியிருக்கிறார். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம்தானே காயல். உங்கள் ஊர்க் குதிரைகள் கிளம்பிய துறைமுகத்தை வண்டியை நிறுத்தாமல் தாண்டிப் போவீர்களா?

சூரில் மரக்கலம் கட்டும் பட்டறை இன்னும் இருக்கிறது. மாலையில் தொங்குபாலம் தாண்டி அய்ஜா பக்கம் போய் உட்காருங்கள், கலங்கரை விளக்கும் வெள்ளை வீடுகளும் தெரியும்.

தாமிரபரணிக்கரை:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். போய் வந்துவிட்டோம். டூட்டிக்காரன் சனி லீவு போட்டான். திவி, குரியாத் இரண்டையும் அடித்துவிட்டோம். பிம்மாவில் அரை மணி நேரம் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தோம், குட்டி மீன்கள் வந்து கடித்தன. நீச்சல் தெரியாதவனுக்கு முழுப் பயணத்திலும் பிடித்த இடம் அதுதானாம். வாதி ஷாப் குகைக்குள் நாங்கள் மூவரும் போனோம். அதைப் பற்றி எழுத வரவில்லை, நீங்களே போய்ப் பாருங்கள்.

கல்ஹாத்தில் நிறுத்தினோம். வெயிலில் நின்று எங்கள் ஊர்க் குதிரைக் கதையைச் சொன்னேன், மூன்று பேரும் புளியோதரை எப்போது என்று கேட்டார்கள்.

விடியற்காலை ஆமை. ஒன்றே ஒன்று. முட்டையிட்ட குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான்கு எட்டு நகரும், பெருமூச்சு விடும், நிற்கும். பின்னால் மணலில் டிராக்டர் போன மாதிரி தடம். எங்களில் ஒருவன் நாகப்பட்டினம் பக்கத்துக்காரன். "இது பேராமைடா, எங்க கரைக்கு முட்டையிட வர்றது பங்குனி ஆமை, இதில் பாதி கூட இருக்காது" என்று மெதுவாகச் சொன்னான். வலையில் ஆமை சிக்கினால் அவன் அப்பா வலையை அறுத்து அதைக் கடலில் விடுவாராம், கிழிந்த வலைக்காக அம்மாவிடம் திட்டு வாங்குவாராம். அந்த ஆமை தண்ணீருக்குள் போகும்வரை அவன் வேறு எதுவும் பேசவில்லை. வழிகாட்டி கூப்பிட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்ந்தோம்.

ஓட்டுநர் வெள்ளி இரவு 9 மணிக்கே தூங்கிவிட்டான். ஃபின்ஸில் காரை மணலில் இறக்கவில்லை, சத்தியமாக. ஆனால் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது உள்ளே இருந்த மணலுக்காகக் கழுவும் கூலி என்று 3 ரியால் வாங்கிவிட்டார்கள்.