கொழும்பு – இலண்டன்: அம்மாவுக்கு எந்த வழி உகந்தது?

உறவுகளுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் வசிக்கும் 72 வயதான என் அம்மா, வரும் தை மாதம் தனியாக இலண்டன் செல்லவிருக்கிறார். கட்டுநாயக்கவிலிருந்து ஹீத்ரோவுக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் சுமார் 11 மணித்தியாலங்கள் ஆகும். டோஹா வழியாகச் சென்றால் ஏறத்தாழ 5 மணித்தியாலத்தில் இறங்கிச் சற்று நடக்கலாம் என்றாலும், மொத்தப் பயண நேரம் கூடுவதோடு, நடுவில் விமானம் மாறவும் வேண்டும். ஒரு மணித்தியாலம் தொடர்ந்து உட்கார்ந்தாலே அம்மாவின் பாதங்கள் வீங்கி, செருப்பு வார் ஆழமாகத் தடம் பதித்துவிடுகிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். (இன்சுலின் போடும் நேரத்தை, குளிர்காலத்தின் ஐந்தரை மணித்தியால நேர வித்தியாசத்தைச் சொல்லி வைத்தியரிடமே கேட்டுக்கொள்வோம்.) வயதான பெற்றோரை இவ்விரு வழிகளில் ஏதேனும் ஒன்றில் அனுப்பியவர்கள், அவர்களுக்குப் பயணம் எப்படி இருந்தது என்பதையும், டோஹாவில் சக்கர நாற்காலி உதவி அடுத்த விமானத்தின் வாசல்வரை கிடைத்ததா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.